தேன்கூடும் சட்டமும்: மன்னார்க் கரையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மன்னார் என்றதும் வரலாற்று மாணவனின் நினைவுக்கு முதலில் வருவது முத்துக்குளிப்பாகும். ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் எழுதப்பட்ட அறிக்கைகளிலும் பயணக் குறிப்புகளிலும் இக்கரை முத்துச்சிப்பியின் கரையாகவே காட்சியளிக்கின்றது. ஆனால் அதே கரையின் பின்னால், அருவியாற்றின் இருமருங்கிலும் மடுவைச் சூழவும் பரந்துள்ள காடு, பாலையும் வீரையும் நாவலும் பூக்குங் காலத்தில் வேறொரு செல்வத்தைத் தந்து வந்துள்ளது. தேனும் மெழுகுமாகிய அச்செல்வம் அரச கணக்கேடுகளிற் பெரிய இடம் பெறவில்லை. பெரு வருவாய் தராத பொருளை ஆவணங்கள் மறந்துவிடுவது இயல்பே. எனினும் இயற்கையிலிருந்து எடுக்கப்படும் ஒரு பொருளை யார், எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்னும் வினா முத்துக்கும் தேனுக்கும் பொதுவானது. அவ்வினா தேனீயின் விடயத்தில் எவ்வாறு எழுந்தது, யாருடைய நலனுக்காக விடையளிக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய முயல்கின்றது.

முத்தைப் பற்றி ஒன்றைக் கூறித் தொடங்குவது பொருத்தமாகும். ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் நெடுங்காலம் குளிப்பு நடைபெறவில்லை. 1795இல் மன்னாரைக் கைப்பற்றிய பிரித்தானியர் 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து குளிப்பை நடத்திப் பெரும்பணம் ஈட்டினர். அதன்பின் பார்கள் வறுமையுற்றன. சிப்பிகளை மாதிரிக்கு எடுத்துத் திறந்து பார்த்து, முதிர்ச்சியை மதிப்பிட்ட பின்னரே குளிப்பை அறிவிக்கும் வழக்கம் இருந்தும் இது நிகழ்ந்தது. ஒரு நூற்றாண்டு கழிந்து, 1906இல், பார்கள் ஒரு தனியார் கம்பெனிக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் குளிப்பதற்குச் சிப்பி இல்லாமற் போக, 1912இல் அக்கம்பெனி கலைந்தது. ஆகவே ஒழுங்குவிதி இருப்பது ஒன்று. அதனைக் கைக்கொள்பவன் யாருக்குக் கணக்குக் காட்டவேண்டியவன் என்பது வேறொன்று.

தேனீக்கு வருவோம். இலங்கைத் தேனீக்களைப் பற்றிய பழைய ஐரோப்பிய விவரணங்களுள் முக்கியமானது றொபேட் நொக்ஸ் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிற் காணப்படுவதாகும். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த நொக்ஸ், 1679 ஒக்டோபரில் அநுராதபுரத்திலிருந்து அருவியாற்றின் கரைவழியே நடந்து, மன்னார்க் கரையில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தே விடுதலை பெற்றார். அவருடைய விவரணம் கண்டிப் பகுதி மக்களைப் பற்றியதாயினும், அவர் கூறும் தேனீ வகைகள் அவர் தப்பிவந்த காட்டிலும் வாழ்வனவே. மரப்பொந்தில் வாழும் ‘மீ மஸ்ஸோ’, உயர்ந்த மரக்கிளைகளில் வெளிப்படையாகக் கூடு கட்டும் ‘பம்பரோ’, மிகச் சிறியதான ‘கொன்னமெய்யா’ என மூன்றினை அவர் வேறுபடுத்துகின்றார். இரண்டாவது வகையின் தேனை எடுக்க, குறித்த பருவத்தில் நாற்பது ஐம்பது பேராக ஊரே திரண்டு காட்டுக்குச் செல்லும் என்பதும், தீப்பந்தத்தைக் கூட்டின் கீழ்ப் பிடித்துத் தேனீக்களை விழச் செய்து, அவற்றையே வேகவைத்து உண்பர் என்பதும் அவர் தரும் செய்திகள்.

இக்குறிப்பில் இரு கூறுகள் கவனிக்கத்தக்கன. தேன் எடுத்தல் தனியொருவரின் தொழிலாகவன்றி ஊரின் கூட்டு வினையாக, பருவத்தோடு பிணைந்த வினையாக இருந்தது என்பது ஒன்று. பருவமும் கூட்டமும் தாமே ஒருவகைக் கட்டுப்பாடுகள். ஆனால் தீப்பந்தம் மற்றைய கூறு. அது கூட்டின் தேனை மட்டுமன்றிப் புழுவையும் தாய்க் கூட்டத்தையும் அழித்தது. பழைய சமூகம் இயற்கையோடு முழு இசைவில் வாழ்ந்தது என்று இன்று சிலர் எழுதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. காடு பெரிதாகவும் கொள்வோர் சிலராகவும் இருந்தமையால் அழிவு தாங்கப்பட்டது என்பதே சரியான விளக்கமாகும்.

விஞ்ஞானிகள் இன்று இந்நாட்டில் தேன் சேர்க்கும் இனங்களாக நான்கினைக் கணக்கிடுவர்: பெருந்தேனீ, பொந்துகளில் அடுக்கடுக்காக வதை கட்டும் நாட்டுத் தேனீயாகிய ஏபிஸ் செரனா, ஒற்றை வதை கட்டும் கொம்புத்தேனீ, கொடுக்கற்ற கொசுத்தேனீ. இவற்றுட் செரனாவே பெட்டியில் வளர்க்கப்படும் முக்கிய இனம். பெருந்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்வது. அதை அடைக்க முடியாது. ஆகவே ‘தேனீ வளர்ப்பு விதி’ என்று பேசும்போது நாம் பேசுவது பெரும்பாலும் ஓர் இனத்தைப் பற்றியே. பெருந்தேனீக்கு வேண்டியது எடுப்பு விதி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியமையே பிற்காலத் திட்டங்கள் பலவற்றின் குறைபாடு என்பது என் கருத்து.

தேனீ யாருடைய சொத்து? இவ்வினாவுக்கு ரோமச் சட்டம் தெளிவான விடையொன்றைத் தந்தது. தேனீ காட்டுயிர், கூட்டில் அடைக்கப்படும் வரை அதற்கு உடைமையாளன் இல்லை, கூட்டைவிட்டுப் பறந்த கூட்டம், அதை வைத்திருந்தவன் கண்ணுக்குத் தெரியும் வரையிலும், பின்தொடர இயலும் வரையிலுமே அவனுக்குரியது, அதன்பின் பிடிப்பவனுக்குரியது. ஜஸ்டீனியனின் சட்டத் தொகுப்பில் 6ஆம் நூற்றாண்டில் இடம்பெற்ற இக்கோட்பாடு ரோம-டச்சுச் சட்ட மரபினூடாக இந்நாட்டின் பொதுச் சட்டப் பின்னணியிலும் வந்து சேர்ந்தது. மன்னார் 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் கையில் இருந்ததை நினைத்தால், அரிப்புக் காட்டில் தேன் எடுத்தவனுக்கு, அவன் அறியாமலே, ஜஸ்டீனியன் ஒருவகையில் உரிமை வழங்கியிருந்தான் எனலாம். இச்சட்டம் உடைமையைப் பற்றி மட்டுமே பேசியது. கூட்டை எவ்வாறு பேணவேண்டும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது; ஏனெனில் கூட்டை உடைக்காமல் உள்ளே பார்க்கும் வழி அக்காலத்தில் யாருக்கும் தெரியாது.

அவ்வழி 1851இல் அமெரிக்காவிற் பிறந்தது. லாங்ஸ்ட்ரொத் என்னும் பாதிரியார், வதைகளுக்கிடையில் ஏறத்தாழ முக்கால் அங்குலத்தின் பாதியளவு, அதாவது 9 அல்லது 10 மில்லிமீற்றர் இடைவெளி விடப்பட்டால் தேனீக்கள் அதை மெழுகாலோ பிசினாலோ அடைக்காமல் நடைபாதையாக விட்டுவைக்கும் என்பதைப் பயன்படுத்தி, கழற்றி எடுக்கக்கூடிய மரச்சட்டங்கள் கொண்ட பெட்டியை அமைத்தார். 1852இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1865இல் ஹ்ருஷ்கா என்பவர் வதையைச் சிதைக்காமல் தேனைப் பிரிக்கும் சுழற்சிப் பொறியைக் கண்டுபிடித்தார். இவ்விரண்டுடனும் தேனீ வளர்ப்பு புதியதொரு உற்பத்தி முறையாக மாறிற்று. கூட்டைக் கொல்லாமல் தேன் எடுக்கலாம். உள்ளே நோய் இருக்கிறதா என்று பார்க்கலாம். பார்க்க முடிவதால் பார்வையிடும் அதிகாரியையும் நியமிக்கலாம். கலிபோர்னியாவின் சான் பேர்னாடினோ மாவட்டம் 1877இலேயே புழு அழுகல் நோயைக் கட்டுப்படுத்த விதி இயற்றியது தற்செயலன்று. மரச்சட்டம் வந்த பின்னரே அரசச் சட்டம் வரமுடிந்தது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

ஆனால் லாங்ஸ்ட்ரொத்தின் பெட்டி ஐரோப்பியத் தேனீக்கு அளவெடுக்கப்பட்டது. நம் செரனா உடலிற் சிறியது; கூட்டத் தொகையிலும் குறைந்தது; அதற்கு வேண்டிய இடைவெளியும் சற்றுக் குறுகியது. பெரிய பெட்டியில் அது வெப்பத்தைக் காக்க இயலாது. இடையூறு மிகுந்தால் கூட்டையே துறந்து பறந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திலும் பஞ்சாபிலும் நடந்த முயற்சிகள் நிலைக்காமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மறுபுறம், அமெரிக்கரான பிராங்க் பென்ரன் 1880-81 அளவில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தது இங்கு தேனீ வளர்ப்பைப் பரப்புவதற்கன்று. நம் பெருந்தேனீயை மேற்குக்குக் கொண்டுபோவதற்காகும். அம்முயற்சி கைகூடவில்லை. பெருந்தேனீ பெட்டிக்கு அடங்காது என்பதை எந்தக் காட்டுவாசியும் அவருக்குச் சொல்லியிருப்பான்.

இத்தடையை நீக்கியவர் திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியைச் சேர்ந்த யேசு சபைத் துறவி நியூட்டன். 1911க்கும் 1917க்கும் இடையில் அவர் நாட்டுத் தேனீயின் அளவுக்கேற்பச் சிறிய பெட்டியொன்றை அமைத்து, கிராமத்தவர் பலருக்குப் பயிற்சியளித்தார். ‘நியூட்டன் பெட்டி’ என வழங்கும் அதன் சிறப்பு நுணுக்கத்தில் இல்லை, மலிவில் இருக்கின்றது. உள்ளூர்த் தச்சன் உள்ளூர் மரத்தில் அதைச் செய்ய முடிந்தது. தர நியமம் என்பது பொதுவாக மேலிருந்து கீழே இறங்குவது. இங்கோ அது தேனீயின் உடலிலிருந்தும் உழவனின் கைப்பணத்திலிருந்தும் மேலெழுந்தது. பிற்காலத்தில் இந்தியத் தர நிறுவனம் தேன்பெட்டிக்கு நியமம் வகுத்தபோது நியூட்டனின் அளவு ‘ஏ’ வகையாக ஏற்கப்பட்டது.

நியூட்டன் பெட்டி ஓர் இயக்கமாக வளர்ந்த இடம் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டம். அங்கு 1924 முதல் கிறித்தவ வாலிபர் சங்கத்தின் கிராமப் புனரமைப்பு நிலையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் நடத்தினார். அவர் 1932இல் வெளியிட்ட நூல் அந்நிலையத்தின் நோக்கை விளக்கும். நிலமற்றவனும் குறுநிலத்தானும் பனையேறியும் வேலியோரத்தில் இரண்டு பெட்டி வைக்கலாம். தேனீக்கு நிலவரி இல்லை. அது அயலானின் தோட்டத்தில் மேய்ந்தாலும் அவனுக்கு நட்டமில்லை, ஆதாயமே. இப்பொருளியல் தருக்கம் எளிமையானது. ஆயினும் நிலவுடைமை இறுகிய சமூகத்தில் அதன் பெறுமதி பெரிது. கையாற் பிழிந்த, புழுச்சாறு கலந்த தேனுக்குப் பதிலாகப் பொறியிற் பிரித்த தூய தேன் என்பது இயக்கத்தின் தரக் கொள்கையாயிற்று. 1937இல் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. இறப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, இறப்பர் இலைக்காம்பின் சுரப்பிகள் தரும் இனிப்பு நீர் பெட்டிகளை நிரப்பிற்று. இந்தியாவின் தேனீ வளர்ப்பு வரைபடத்தில் கன்னியாகுமரி மாவட்டம் முன்னணிக்கு வந்தது இவ்வாறே. கூட்டுறவு அமைப்பே அங்கு உண்மையான ஒழுங்குமுறை நிறுவனமாகச் செயற்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. உறுப்பினன் கலப்படம் செய்தால் அவனுடைய அயலானின் விலையே விழும். ஆகவே கண்காணிப்பு அயலிலிருந்தே வந்தது.

ஆயினும் இவ்வெற்றிக்குள் ஒரு குறை மறைந்திருந்தது. பெட்டிக்கு நியமம் இருந்தது. 1937ஆம் ஆண்டின் விளைபொருள் தரப்படுத்தற் சட்டத்தையொட்டி 1938இல் வந்த விதிகளால் தேனுக்கும் நியமம் இருந்தது. தேனீக் கூட்டங்களை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோவதற்கு மட்டும் நடைமுறையில் எக்கட்டுப்பாடும் இருக்கவில்லை. ஒரே அளவுப் பெட்டியின் பயனே ஒரு வீட்டின் சட்டத்தை இன்னொரு வீட்டின் பெட்டியிற் பொருத்தலாம் என்பதுதான். சட்டம் மாறும்போது அதிலுள்ள புழுவும் மாறும்; புழுவிலுள்ள நோயும் மாறும். 1976இல் தாய்லாந்தில் இனங்காணப்பட்ட பைப்புழு நோய், செரனாவின் புழுக்களைத் தாக்கும் ஒரு வைரசினால் உண்டாவது. 1978 அளவில் இந்தியாவின் வடகிழக்கிற் காணப்பட்டது. 1991-92இல் தென்னிந்தியாவை அடைந்தது. நோயுற்ற புழு கூட்டுப்புழுவாக மாறாமல் நீர் நிறைந்த பைபோலாகி இறக்கும். மருந்தில்லை. கேரளம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மாநிலங்களில் வளர்ப்புக் கூட்டங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தன என மதிப்பிடப்பட்டது. இரண்டு பெட்டி வைத்திருந்த குடும்பம் இரண்டையும் இழந்தது. பல வீடுகளில் வெறும் பெட்டி கோழி அடைகாக்க உதவிற்று என்பர்.

அழிவுக்குப் பின் இரு வழிகள் தெரிந்தன. நோய்க்குத் தப்பிய கூட்டங்களிலிருந்து நாட்டினத்தை மீட்பது ஒரு வழி. மார்த்தாண்டத்தார் பெருமளவு அவ்வாறு மீண்டனர். 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தமை அம்மீட்சியின் பயனே. மற்றைய வழி ஐரோப்பியத் தேனீயாகிய ஏபிஸ் மெலிபெராவைக் கொண்டுவருவது. 1960களின் முற்பகுதியிற் பஞ்சாபில் நிலைபெற்ற அவ்வினம் பைப்புழு நோய்க்கு ஆளாவதில்லை, தேனும் மிகுதி. ஆனால் அது சீனி ஊட்டலும் மருந்தும் பாரவண்டியும் வேண்டும் இனம், மூலதனமுள்ளவனின் தேனீ. வேலியோரத்து இரண்டு பெட்டிக்காரன் அதனோடு போட்டியிட முடியாது.

இலங்கை இவ்விடயத்தில் வேறு முடிவெடுத்தது. மெலிபெராவை நாட்டுக்குட் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டது, அத்தடை நிலைத்துள்ளது. இதன் விஞ்ஞான நியாயத்துக்கு இந்நாட்டிலேயே செய்யப்பட்ட ஆய்வொன்று வலுவூட்டும். வரோவா என்னும் உண்ணி செரனாவின் பழைய ஒட்டுண்ணி. கேனிகரும் அவருடன் பணியாற்றியோரும் 1980களின் தொடக்கத்தில் இலங்கைச் செரனாக் கூடுகளில் ஆராய்ந்து, அவ்வுண்ணி ஆண்தேனீப் புழுக்களில் மட்டுமே இனம்பெருக்குவதைக் காட்டினர். அதனால் கூட்டத்துக்குப் பெருந்தீங்கில்லை. இதே உண்ணியினம் ஆசியாவின் பிற பகுதிகளில் மெலிபெராவுக்குத் தாவியபோது வேலைக்காரத் தேனீயின் புழுக்களிலும் பெருகி, உலகின் பல நாடுகளில் அவ்வினக் கூட்டங்களை அழித்தது. நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்த உயிர்களுக்கிடையே உள்ள சமநிலை, கப்பலேறி வந்த உயிரிடம் இல்லை. ஆகவே தடை என்பது பழமைவாதமன்று.

எனினும் தடையின் பின்னணியையும் நோக்கவேண்டும். பூச்சிகளையும் தாவரங்களையும் தடுத்துவைக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது 1924ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அதன் இடத்தை 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எடுத்தது. 1869இற் கண்ட இலைத்துரு நோயாற் கோப்பித் தோட்டங்கள் அழிந்ததைப் பார்த்த குடியேற்றவாத அரசு, தோட்டப் பயிர்களைக் காக்கும் நோக்குடன் இயற்றிய கருவி அது. அதே அரசு மன்னார் வழியாக வந்த தோட்டத் தொழிலாளரை மண்டபத்து முகாமில் நோய்த்தடுப்பு என்ற பெயரில் அடைத்து வைத்துச் சோதித்தது. 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட பின் அவ்வழியே பெருவழியாயிற்று. அதற்கு முன் கோப்பிக் காலத்தில் அவர்கள் மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மடிந்தோர் கணக்கற்றோர். தடுப்புக்காவல் என்னும் எண்ணம் இக்கரையில் மனிதர்மீதே முதலிற் பரிசோதிக்கப்பட்டது. நாட்டுத் தேனீ அதனாற் பயன்பெற்றது வரலாற்றின் ஒரு பக்கவிளைவு.

இன்றும் மன்னார்த் தீவு அத்தடையின் முன்வாயிலாகும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்க் கடலே உள்ளது. சட்டம் மெலிபெராவை நினைத்து எழுதப்பட்டது. ஆனால் அக்கரையிலிருந்து படகிலேறும் ஒரு செரனாப் பெட்டி, அது நம்மினமே என்ற நம்பிக்கையால், மெலிபெராவைவிடப் பேராபத்தானது. பைப்புழு நோய் செரனாவின் நோய் அன்றோ? கடல் தாண்டும் பெட்டி மட்டுமன்று, மாவட்டம் தாண்டும் பெட்டியும் நோய்ச் சோதனைக்கு உட்படவேண்டும் என்பது 1991-92இன் பாடம். மலைநாட்டில் வளர்த்த கூட்டங்களை வடக்கில் இலவசமாக வழங்க நினைக்கும் எந்தத் திட்டமும் இதனை முதலில் எண்ணவேண்டும்.

இனித் தேனின் நியமத்தைப் பற்றிச் சில சொற்கள். சர்வதேச உணவு நியமம் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தேனில் 20 வீதத்துக்கு மேல் ஈரம் இருத்தலாகாது என்கிறது. ஐரோப்பியத் தேனீயின் முதிர்ந்த தேனுக்கு இது எளிது. ஈரக்காற்று நாடுகளில் செரனாவும் பெருந்தேனீயும் தரும் தேன் இவ்வளவைத் தாண்டுவது வழக்கம். இந்தியாவின் அக்மார்க் விதிகள் 25 வீதம் வரையுள்ள தேனுக்கும் கீழ்த்தரமாயினும் ஓர் இடம் வைத்திருந்தன. உலகச் சந்தையின் அளவுகோல் வந்ததும் காட்டுத்தேன் ‘தரமற்றது’ ஆகிவிடுகின்றது. வெப்பமூட்டி ஈரம் நீக்கும் இயந்திரமுள்ள வணிகனிடமே அதை விற்கவேண்டியதாகின்றது. கலப்படச் சோதனையிலும் இத்தகைய ஒருதலைநோக்கு உண்டு. கரும்பு, சோளம் ஆகியவற்றின் சீனியைக் கரியணுவின் வேறுபாட்டாற் கண்டறியும் சோதனை உலகெங்கும் பழக்கத்திலுள்ளது. பனையோ வேறுவகை ஒளித்தொகுப்புடைய தாவரம். அதன் பாணியைத் தேனிற் கலந்தால் அச்சோதனை அதைப் பிடிக்காது. பனங்காடு நிறைந்த மன்னாரில் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 2020இல் டில்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வும், சோதனைகளுக்குத் தப்புமாறு ஆக்கப்பட்ட பாகுகள் தேனிற் கலக்கப்படுவதை வெளிப்படுத்திற்று. அங்குப் பிடிபட்டவை பெருஞ்சந்தைப் பொருள்கள். போத்தலில் அடைத்து வீதியோரத்தில் விற்கும் காட்டுத்தேன் அல்ல.

பெருந்தேனீயை நம்பிய எடுப்பாளனின் நிலை வேறு. வில்பத்து 1938இல் தேசிய பூங்காவாயிற்று. மடு வீதிச் சரணாலயம் 2015இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இவ்வெல்லைக்குள் தேனெடுப்பது குற்றம். கூட்டைத் தீயிட்டு அழிப்பவனும், வதையின் ஒரு புறத்தில் தேன் நிறைந்த தலைப்பகுதியை மட்டும் வெட்டிப் புழுப்பகுதியைக் கிளையிலேயே விட்டுவருபவனும் அச்சட்டத்தின் கண்ணில் ஒருவரே. இரண்டாமவனின் முறையில் அதே கூட்டம் அதே பருவத்தில் மீண்டும் தேன் சேர்க்கும். நீலகிரியில் 1990கள் முதல் கோத்தகிரியைத் தளமாகக் கொண்ட கீஸ்டோன் அமைப்பு, குறும்பர் முதலான தேனெடுக்கும் மக்களோடு சேர்ந்து இத்தகைய எடுப்பு நெறிகளையும் நேரடி விற்பனையையும் வளர்த்துள்ளது. அங்குக் காட்டுரிமை பற்றி ஒரு சட்டமும் 2006இல் வந்தது. சிறு வனப்பொருள்களைச் சேர்க்கும் உரிமையை அது ஏற்கிறது. இங்கு அதற்கு ஒப்பான சட்டம் இல்லை.

போரினால் நெடுங்காலம் ஆளற்றுக் கிடந்த முசலியிலும் மடுப் பகுதியிலும் 2009க்குப் பின் மக்கள் மீளக் குடியமர்ந்தனர். கட்டுக்கரைக்குளத்தின் நீர்பாயும் வயல்களில் பூச்சிநாசினி தெளிக்கும் மாதங்களும் தேனீ மேயும் மாதங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் எந்த நஞ்சை விற்கலாம் என்று சொல்லும். காலையில் பூ விரிந்திருக்கும்போது தெளிக்கலாமா, மாலையிலா என்பதைக் கமக்கார அமைப்பின் கூட்டத்தில், பெட்டி வைத்திருப்பவனும் வயல் வைத்திருப்பவனும் நேருக்கு நேர் அமர்ந்து தீர்மானித்தாக வேண்டும். முத்துப் பார்களுக்கு இருந்ததுபோல் எடுப்புக்கு முன் கூடுகளை எண்ணிப் பார்க்கும் வழக்கமும் அவ்வாறே ஊர்மட்டத்தில் தொடங்கக்கூடியது: அருவியாற்றங்கரை மருத மரங்களில் இவ்வாண்டு எத்தனை கூடுகள் தங்கின, சென்ற ஆண்டு எத்தனை என்பதை அங்குள்ள தேனெடுப்போர் எந்த உத்தியோகத்தரையும்விட நன்கு அறிவர்.